மூன்றே கால் நாளில் சுற்றும் குரு

நாகமலை புதுக்கோட்டையில் காசிமாயன் நடத்திய டைப்பிங் கடையில் வாலாம்பாள் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் சுப்பராமன் கோயில் குருக்கள். தட்டில் விழுவது அரிசி பருப்புக்கே இழுபறி. மகள் மதுவந்தியின் காலேஜ் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் ஓடியது. காசிமாயனோ வாயைத் திறந்தால் நெருப்பு. "தப்பு வந்துச்சு, சீட்டைக் கிழிச்சிருவேன்" என்பதுதான் அவர் காலை வணக்கமே.

தொண்ணூற்றெட்டில், ராகேஷ் என்ற எம்.ஃபில். மாணவன் தன் ஆய்வேட்டை டைப் அடிக்கக் கொடுத்தான். எங்கோ தொலைவில் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி, நம் வியாழனைவிடப் பருத்த ஒரு வாயுக்கோள். அம்மாம் பெரிய உருண்டை தன் சூரியனை ஒட்டிக்கொண்டு மூன்றே கால் நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறதாம்.

பஞ்சாங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது பொறுக்குமா? குரு என்றால் ராசிக்கு ஒரு வருஷம், முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு வருஷம். அவரைவிடப் பெரிய ஆசாமி மூன்று நாளில் ஓடுவானா, என்ன கூத்து! பாவம், பையன் அவசரத்தில் எழுதிவிட்டான் என்று இரக்கப்பட்டாள். கம்ப்யூட்டரில் ஒரே கட்டளை கொடுத்தாள். ஆய்வேடு முழுக்க நாள் என்றிருந்ததெல்லாம் வருஷம் ஆகிவிட்டது.

ஐந்து பிரதி பைண்டிங்கும் ஆனது. மறுநாள் கடைசித் தேதி என்கிறபோது, ராகேஷ் அவற்றைத் தூக்கிக்கொண்டு பேயறைந்த முகத்தோடு வந்தான்.

"என்ன மாப்ள, தப்பு கிப்பு வந்திருச்சா?" காசிமாயன் எழுந்தேவிட்டார்.

அவன் விரித்துக் காட்டிய பக்கத்தில் மூன்றே கால் வருஷம் என்றிருந்ததைப் பார்த்ததும் வாலாம்பாளுக்குப் புரிந்துபோனது. வேலை போச்சு, மதுவந்தி படிப்பும் போச்சு. ராகேஷ் எழுதிக் கொடுத்த தாள்கள் மேஜைமேலேயே கிடந்தன. காசிமாயன் கை அதில் படுமுன் ராகேஷ் அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"தப்பு என்னோடதுண்ணே. நாந்தான் வருசம்னு எழுதிக் குடுத்துட்டேன். மாமி மாத்தித் தந்தாப் போதும். செலவு என்னது."

"படிச்ச புள்ளைக்கு இம்புட்டுதானா கவனம்?" என்று முணுமுணுத்தபடி அவர் உட்கார்ந்தார்.

வாலாம்பாள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கட்டளையை நம்பாமல் வரி வரியாகத் திருத்தினாள். சாயங்காலம் பிரதிகளைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரை அவன் பின்னாலேயே போனாள்.

"ஏன்டாப்பா எனக்காகப் பொய் சொன்னே?"

"நீங்க நம்பல, அம்புட்டுதானே மாமி? இப்படி ஒரு கோள் இருக்குன்னு மொதல்ல சொன்னப்போ பெரிய பெரிய விஞ்ஞானிங்களே நம்பல. அவங்க யாருக்கும் வேலை போகலையே."

நீ நன்னா இருக்கணும் என்று சொல்ல நினைத்தாள். அழுகைதான் வந்தது.

அந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் வாலாம்பாள் குரு சன்னிதிக்கு இரண்டு கொண்டைக்கடலை மாலை கொண்டு போனாள். மதுவந்தி பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை. தொடங்கிய முதல் வாரமே சுப்பராமன் கேட்டார்.

"ஒரு குருவுக்கு எதுக்குடி ரெண்டு மாலை?"

"இன்னொருத்தர் இருக்கார். ரொம்ப தூரம். மூணே கால் நாள்ல சுத்தறார்."

சுப்பராமன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டையும் சாத்தினார். "சரி, அர்ச்சனை மதுவந்தி பேருக்குத்தானே?"

"ராகேஷ்னு சொல்லுங்கோ. அவ பேரை அப்புறம் சொல்லிக்கலாம்."