தேவகி அக்கா மூச்சை அடக்கிய காலை

மரக்காணத்தில் ஜிம் டிரெய்னராக வேலை பார்த்த வருடங்களில் நான் நிஜமாகவே பயந்துபோனது ஒரு காலையில்தான். பெண்கள் பேட்ச் நடந்துகொண்டிருந்தது. தேவகி அக்கா பார்பெல்லைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் செய்தார். உப்பளத்தில் கூடை சுமப்பவர். முதுகுவலி என்று வந்து சேர்ந்தவர், கொஞ்ச நாளிலேயே எல்லோரையும்விட அதிக எடை தூக்க ஆரம்பித்திருந்தார்.

உட்காரும்போது மூச்சை இழு, எழும்போது வாயால் விடு. தினமும் சொல்வேன். குறைந்த எடையில் சரியாகவே செய்வார். அன்று எடையைக் கூட்டியதும் உதட்டை இறுக்கிக்கொண்டார். பாதி எழுந்தபோது கழுத்து நரம்பு புடைத்தது.

"அக்கா, ஊதுங்க. மூச்ச விடுங்க."

காதில் விழவில்லை. முழுதாக எழுந்து நின்ற பிறகுதான் மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. கண் செருகியது, முழங்கால் மடிந்தது. பின்னால் நின்ற நான் அவரைக் கட்டிப்பிடித்தபடியே கீழே சரிந்தேன். பார்பெல் வைக்கும் இரும்புச் சட்டமான ராக்கின் பக்கக் கம்பிகள் பாரைத் தாங்கிக்கொண்டன. இல்லாவிட்டால் எங்கள் இருவர் கழுத்தும் போயிருக்கும்.

அக்கா கண் திறந்ததும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிபி ரொம்ப அதிகம். அது இருப்பதே அவருக்குத் தெரியாது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கியதால் வந்த மயக்கம் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்து, கொஞ்ச நாள் எடை எதையும் தொடக் கூடாது என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"ஏம்மா, கூடையும் தூக்கக் கூடாதா? அப்ப நான் எப்படி பொழைக்கறது?"



பிபி இறங்கி, பாரம் குறைத்து வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நானும் உப்பளத்துக்குப் போனேன். கூடையைத் தலைக்கு ஏற்றும்போது அதே இறுகிய உதடு. கேட்டதற்கு, "மூச்ச வுட்டா பலம் போயிடும்மா, இங்க எல்லாரும் இப்படித்தான் தூக்கறோம்" என்றார். நான் ஜிம்மில் ஒரு மணி நேரம் சொன்னதை உப்பளம் நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருந்தது.

அரைக் கூடை மட்டும் நிரப்பச் சொன்னேன். மேஸ்திரி முணுமுணுத்தார். அக்கா குனிந்தபோது நான் பின்னால் போய் நின்றேன். எழும்போது வாயால் நீளமாக ஊதினார். நிமிர்ந்து நின்றார். கண் தெளிவாக இருந்தது. வரப்பில் நடந்து போனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவர் கையில் பாரைக் கொடுக்கும் முன் பிபி பாருங்கள். பிறகு, ஜிம்முக்கு வெளியே அவர் என்ன தூக்குகிறார் என்று கேளுங்கள். மூச்சை அடக்க அங்கேதான் பழகியிருப்பார்.