சுழி போட்ட T

பள்ளி திறக்கிற வாரம் பாளையங்கோட்டையில் ஒரு நோட்டுக் கடையில் நின்று நாலு கோடு நோட்டு கேட்டேன். மகளுக்கு என்றுதான் சொன்னேன். அவள் பள்ளியில் யாரும் அதைக் கேட்கவில்லை. ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாக, அச்சில் இருப்பதுபோல் எழுதினால் போதும், சேர்த்து எழுதும் வகுப்பு இனிக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் மேலும் கீழும் சிவப்பு, நடுவே இரண்டு நீலம் என்று அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும்போல் கை அரித்தது.

"நாலு கோடாக்கா? இப்பம் யாரு அதக் கேக்கா? பழசு ஒண்ணு ரெண்டு கெடக்கும், பாக்கேன்" என்று கடைக்காரத் தம்பி ஏணியில் ஏறினார். தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்து, துண்டுச் சீட்டில் கணக்கெழுதி, மொத்தம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'டோட்டல்' என்று எழுதினார். அந்த T-யைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் அலையடிக்கும் ஒரு தொப்பி. காலடியில், இடதுபக்கமாக, குளித்து வந்த பிள்ளையின் நெற்றியில் ஒட்டிக் கிடக்கும் முடிச்சுருள்போல ஒரு சின்னச் சுழி.

"எங்க படிச்சீங்க தம்பி?"

"இங்கனதான்க்கா. வாய்க்கா பக்கத்துல, ஓட்டு ஸ்கூல்ல."

கேட்டிருக்கவே வேண்டாம். அந்தச் சுழி பிறந்த வீடு எனக்குத் தெரியும்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அம்மாவின் தங்கை ஏரலிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சித்தி தமிழ் மீடியத்தில் படித்து ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வாய்க்கால் பக்கம் இரண்டு ஓட்டு அறைகளில் புதிதாக ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஆரம்பித்திருந்தார்கள். அங்கே அவளுக்குத் தற்காலிகமாக ஒரு வேலை. நிலைத்தால் பாளையங்கோட்டை, இல்லாவிட்டால் ஏரல். ஏரலில் பெரிய மாமா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, வேலை எப்போது போகும் என்று காத்திருந்தார். சித்திக்கு மாப்பிள்ளைமேல் கோபம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஏறி, தன் காசில் டிக்கெட் எடுத்து, தன் பெயருக்குப் பின்னால் டீச்சர் என்று நாலு பேர் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டாள். அதை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு இல்லை.

பள்ளியின் தாளாளர் திசையன்விளையில் கருப்பட்டி வியாபாரம் பார்த்த அண்ணாச்சி. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் கருப்பட்டியைப் பார்த்தே தரம் சொல்லுகிறவர் என்பதால், ஆங்கிலத்தையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று நம்பினார்.

"பிச்சுப் பிச்சு எழுதுனா அது இங்கிலீஷா டீச்சர்? எறும்பு ஊருத மாதிரில்லா இருக்கு. சேத்து எழுதணும். சங்கிலி கணக்கா வரணும். பிள்ளையளப் பெத்தவன் அதுக்குத்தான துட்டு கெட்டுதான்?" என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பேன், பார்த்துவிட்டு வேலையை முடிவு செய்வேன் என்றும் சொல்லியிருந்தார். இதைச் சித்தி அம்மாவிடம் அடுப்படியில் சொன்னபோது நானும் அங்கேதான் தேங்காய்ச் சில்லைத் தின்றுகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. ஆனால் அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

நான் படித்தது பழைய மிஷன் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்பிலேயே எழுத்துகளைக் கைகோர்க்க வைத்துவிடுவார்கள். சித்தி வந்த பிறகு, சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால், எதிரே என் நாலு கோடு நோட்டோடு அவள் உட்கார்ந்திருப்பாள்.

"எழுதுட்டி. பைய எழுது. நான் பாக்கணும்."

எழுதுவேன். எழுத்தைவிட என் கையைத்தான் அவள் அதிகம் பார்ப்பாள்.

"இந்த எழுத்து எங்கன தொடங்குது?"

"ஏன் சித்தி, ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுதான்னு பாக்கேன். இன்னொரு மட்டம் எழுது."

இப்படி ஒரு கண்டிப்பை நான் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து களைத்து வந்த அப்பா, "பிள்ளைய விடு, அது கண்ணு சொருகுது பாரு" என்பார். சித்தி விட மாட்டாள். நான் எழுத எழுத அவளுடைய ஆள்காட்டி விரல் மடியில் அசைந்துகொண்டே இருக்கும். குழம்பைக் கிண்டும்போது கரண்டி சும்மா சுற்றாது. நுனியில் சுழித்து ஏறி இறங்கும். கோயிலில் பிரசங்கம் நீளும்போது வேதாகமத்தின் அட்டைமேல் அவள் விரல் ஓடும். பக்தி முற்றிவிட்டது என்று நான் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இந்த T-யின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பு டீச்சர் நல்ல ஆகிருதி உள்ளவர். கரும்பலகையில் அவர் எழுதும்போது அவர் முதுகுதான் தெரியும். விலகும்போது எழுத்து முடிந்திருக்கும். எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று எழுந்து கேட்க எனக்குக் கூச்சம். மற்ற எழுத்துகளை எப்படியோ பிடித்துவிட்டேன். T மட்டும் வசப்படவில்லை. அதனால் தொப்பியைப் போட்டு, தண்டை இறக்கி, இதை எங்கே கொண்டு நிறுத்துவது என்று தெரியாமல் ஒரு சுழி சுழித்து விட்டுவிட்டேன். அத்தனை நோட்டைத் திருத்துகிற டீச்சருக்கு என் சுழி கண்ணில் படவில்லை.

சித்திக்குப் பட்டது.

"இந்தச் சுழி எதுக்குட்டி?"

"அப்பிடித்தான் போடணும் சித்தி. சுழி இல்லன்னா T நிக்காது, விழுந்திரும்."

அவள் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தாள். அப்புறம் ஒரு பக்கம் முழுக்க T எழுதச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "நீ பெறத்தால உக்காரு. பேசாத" என்றாள். நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி முன்னால் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று அண்ணாச்சிதான் அழைத்து வந்திருந்தார்.

சித்தி சாக்கட்டியை எடுத்தாள். நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களை எழுதப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி, முதலில் திசையன்விளை என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அப்புறம் திருநெல்வேலி, திருச்செந்தூர், தென்காசி, கடைசியாக எங்கள் ஆறு தாமிரபரணி. எங்கள் பக்கத்தில் எந்த ஊரைத் தொட்டாலும் T-யில்தான் கை வைக்க வேண்டும். எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மழைக்குப் பிறகு ஆறு வருவதுபோல, தடுக்காமல் வந்தன. ஒவ்வொரு T-யின் காலிலும் சுழி.

தலைமையாசிரியை எழுந்து பலகை அருகே போனார். தாமிரபரணியின் T-க்கு முன்னால் நின்றார்.

"இந்த T எங்க படிச்சீங்கம்மா?"

சித்தியின் முகம் வெளிறியது கடைசி பெஞ்சுக்குத் தெரிந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை.

"வீட்டுல ஒரு டீச்சர் இருக்காங்கம்மா. அவங்ககிட்டதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் டீச்சரா? எனக்குத் தெரியாமலா?

"என்னம்மா, தப்பா போட்டிருக்காங்களா?" என்று அண்ணாச்சி முன்னால் சாய்ந்தார்.

அந்த அம்மா பலகையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். பிறகு எதற்கோ என்னையும், என் மடியில் திறந்து கிடந்த நோட்டையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"இப்பிடி ஒரு T நான் பாத்ததில்ல அண்ணாச்சி. ஆனா கை நல்ல கை."

"நம்ம ஊருப் பேரு எம்புட்டு லெச்சணமா இருக்கு பாத்தீங்களா? அந்தச் சுழிதாம்மா அதுல அழகே. இனும நம்ம பிள்ளைய எல்லாம் சுழி போட்டே எழுதட்டும்" என்றார் அண்ணாச்சி. அதோடு வேலை நிலைத்தது. பெரிய மாமா பார்த்த மாப்பிள்ளை வேறு இடத்தில் நன்றாகவே கல்யாணம் செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் அந்த ஓட்டு அறைகளில் உட்கார்ந்து எழுந்தார்கள். மருந்துக் கடையில் உறைமேல் அந்த T வரும். வங்கிச் சீட்டில் வரும். ஒருமுறை ரயிலில் எதிரே இருந்த பெண் யாருக்கோ விலாசம் எழுதிக் கொடுத்தாள். திருநெல்வேலி என்று தொடங்கியதும் சுழி விழுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சித்தி பின்னால் அந்தப் பள்ளிக்கே தலைமையாசிரியை ஆனாள். சுழியை எடுத்துவிட அவளால் முடிந்திருக்கும், எடுக்கவில்லை. இப்போது அந்தப் பள்ளியிலும் சேர்த்து எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். நோட்டு வாங்கிய அன்று அவளிடம் போனில் சொன்னேன். "விடுட்டி, பிள்ளைய கை வலிக்காம எழுதட்டும்" என்று சிரித்தாள். நான் வாங்கிய நோட்டில் மகள் மீன் வரைந்துகொண்டிருக்கிறாள். அதுவும் நாலு கோட்டுக்குள் நன்றாகத்தான் நீந்துகிறது.

அந்தச் சனிக்கிழமை, வெள்ளைச் சேலைத் தலைமையாசிரியை விடைபெறும்போது சித்தியின் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். இரண்டு பேரும் வாய் பொத்திச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் சித்தி ஒரு கடையில் நின்று எனக்கு மைப்பேனா வாங்கினாள். பச்சை நிறம், மூடியில் தங்கக் கிளிப்.

"எதுக்கு சித்தி?"

"ஃபீஸு."

அவள் பையை நான் தூக்கி வந்ததற்கு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மனசு வேறெங்கோ இருந்தது. "வீட்டுல யாரு சித்தி அந்த டீச்சர்?"

"ஒனக்குத் தெரியாது. ரொம்பக் கண்டிப்பு. தப்பா இருந்தாலும் அடிச்சுச் சொல்லுவாங்க."

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தேன். எதிரே சித்தி இல்லை. வாசலில் அம்மாவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நோட்டைத் திறந்து, புதுப் பேனாவில் மை நிரப்பி, எந்த எழுத்து எங்கன தொடங்குது என்று யாராவது கேட்பார்கள் எனக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மச்சில், கொல்லையில், அரிசிப்பானை இருக்கும் உள்ளறையில் எல்லாம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். டீச்சர் யாரும் இல்லை. கண்டுபிடித்திருந்தால் ஒன்று கேட்டிருப்பேன். எங்கள் சித்தி இவ்வளவு நல்லவள், அவளிடம் போய் இத்தனை கண்டிப்பாக இருக்கிறீர்களே, உங்களுக்குப் பாவமாக இல்லையா என்று.