சொந்த வண்டி இல்லாதவர்

பேராசிரியைக்குக் கல்லூரியில் 'தாலாட்டு மேடம்' என்று பெயர். உளவியல் துறையில் இருபது வருஷமாகத் தூக்கத்தையே ஆராய்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? தூக்கம் வராமல் தன்னிடம் வருகிறவர்களுக்கு அவர் மாத்திரை தருவதில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் கிடக்காதே என்பார். விடிய விடியப் புரள்கிறவனிடம் போய் இன்னும் குறைவாகப் படு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது! ஆனால் சில வாரங்களில் உடம்பு வழிக்கு வந்துவிடும். அதுவரை பகலில் கண்ணைச் சொக்கும்; வண்டியைத் தொடக்கூடாது.

அன்று மதியம் ஒரு பெண் தன் கணவரின் தூக்கக் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆறு வருஷமாக நிம்மதியாகத் தூங்காத மனிதர். சிகிச்சைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. 'பகலில் அசந்த இடம்' என்ற கட்டத்தில் நேற்றைய தேதிக்கு நேராக எழுதியிருந்தார்: 'சிக்னல்ல. பிள்ளைங்க கத்தினதுல முழிச்சேன்.'

பேராசிரியை அந்த வரியை மறுபடி படித்தார். முதல் நாள் "வண்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டதும், "எங்க மேடம், சைக்கிள்கூடக் கிடையாது" என்று அவர் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. பாவி மனுஷி, ஓட்டுவீர்களா என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்!

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறார்மா?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறாருங்க. ஏன் மேடம், என்ன ஆச்சு?"

எந்தப் பள்ளி என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித்தான். பள்ளி விடுகிற நேரம். ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் பேராசிரியை ஓடாத ஓட்டம் ஓடினார். வழியில் அறுந்த செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆனாலும் அந்தப் பாவம் தன் தலையில்தான்.

பள்ளி வாசலில், இறக்கத்தில், வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகளின் ஒரே இரைச்சல். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இறக்கம் முடிகிற இடத்தில் லாரிகள் பறந்தன. பிரேக்கிலிருந்து கால் நழுவினால் எல்லாம் போச்சு. கூப்பிட்டாலோ, திடுக்கிட்டுக் காலை எடுத்துவிடுவார். பேராசிரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே சாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தார். பிறகு சாவியைத் திருகி உருவினார்.

எஞ்சின் அடங்கியதும் ஓட்டுநர் விழித்தார். பேராசிரியையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தது.

"மேடம்... தூங்கிட்டேனா? மாத்திரை இல்லாம, நானாவா தூங்கினேன்?" அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பின்னால் பதினெட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகக் காத்திருந்தார்கள். பேராசிரியை சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "தூங்கிட்டீங்க."