பாப்பாயி திருப்பிக் கொடுக்க வேண்டிய தம்ளர்கள்

சேந்தமங்கலத்திலிருந்து சலீம் பாய்தான் தொலைபேசியில் சொன்னார். "சார், பாப்பாயிக்கா தவறிட்டாங்க. நேத்து மத்தியானம். உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் கொல்லிமலை ஆய்வு மையத்தில் இருபது வருடம் ஸ்டோர் பார்த்தவர் இறந்ததை, அங்கே தையல் இலை விற்ற வியாபாரி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் மலைக் கருத்தரங்குக்கு வந்துபோனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வரவில்லை.

சுற்றுச்சூழல் கருத்தரங்கை மலையிலேயே நடத்துவது என்று முடிவானபோது நான் ஒருங்கிணைப்பாளர். முதல் கூட்டத்தில் மேடை, பேனர், சால்வை என்று ஒரு மணி நேரம் பேசினோம். கடைசி நாற்காலியிலிருந்து பாப்பாயி எழுந்தார். "ஏனுங்க சார், மேல ஏத்துறதையெல்லாம் சொல்லிப்போட்டீங்க. அதையெல்லாம் எறக்குறது யாருங்க?"

இயக்குநர் சிரித்தார். "குப்பையை அப்புறம் பாத்துக்கலாம்மா."

"அப்புறம்னா எங்க ஊத்துலதானுங்க பாக்கோணும்."

மையத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் அவர் ஊர் குடிக்கும் ஊற்று. மையத்தில் முன்பு நடந்த ஒரு கூட்டத்தின் பிளாஸ்டிக் கப்புகளை அங்கிருந்து பொறுக்கியவர் அவர்.

அதன்பின் கோப்பில் என் பெயர் இருந்தது, திட்டம் அவருடையது. மந்தாரை இலை, சாமைச் சோறு, பேனருக்குப் பதில் சுவரில் சுண்ணாம்பு எழுத்து. பிளாஸ்டிக் பை கிடையாது. அடிவாரத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே பஸ். "எழுவது வளைவு ஏறி வந்து காத்து சுத்தமா இருக்கோணும்னு பேசறதுக்கு இத்தன காரா சாமி?" என்றார். தண்ணீர் குடிக்கத்தான் வழியில்லை. அதற்கு ஊர்ப் பாத்திரத்தைக் கேட்டார்.

மலையில் தேவனூர் நாடு என்ற பகுதியில் இருக்கும் அவர் ஊருக்குப் பொதுவாகப் பித்தளைத் தம்ளர்கள் உண்டு. ஊர்ப் பெயர் வெட்டியவை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் வெளியே வரும். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது திரும்பும்வரை அந்த வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் இல்லை. போன தம்ளரேதான் வர வேண்டும். புதிது வாங்கி வைத்தால் ஊர் ஏற்காது. அடுத்த மாதம் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பாப்பாயி ஊர்க்கவுண்டர் முன் நின்று பொறுப்பேற்றார். "படிச்சவங்கதானுங்களே, குடிச்சுட்டு வெச்சுருவாங்க" என்றாராம்.

நம் கூட்டத்துக்கு நினைவுப் பரிசு இல்லாமல் கருத்தரங்கு முடியாது. பையும் கடிகாரமும் வராததால், கையிலிருந்த தம்ளர்தான் பரிசு என்று பேராசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் மேடையிலேயே ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "மலையூரின் பெயர் பொறித்த, மண்ணுக்குத் தீங்கில்லாத நினைவுப் பரிசு!" கைதட்டினார்கள். மைக்கின் அருகில் நான் நின்றிருந்தேன். அது யாருடைய தம்ளர் என்று எனக்குத் தெரியும். என் பதவி உயர்வுக் கோப்பு இயக்குநர் மேசையில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

பாப்பாயி பஸ் வாசலில் நின்று கெஞ்சினார். "அய்யா, அது ஊர்ச் சாமானுங்க. குடுத்துட்டுப் போங்க."

ஒரு துறைத் தலைவர் தம்ளரைப் பைக்குள் தள்ளியபடி, "ரொம்ப நல்லா இருக்கும்மா. வீட்ல ஒருத்தி இருக்கா, அவளுக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்றார்.

எல்லாருக்கும் கடிதம் எழுதினேன். மூன்று தம்ளர்கள் வந்தன. மற்றவர்களிடமிருந்து பாராட்டு வந்தது. இயக்குநர் பசுமை விருது வாங்கினார். விருதுப் படத்திலும் கையில் தம்ளர். எனக்குப் பதவி உயர்வும் வரவில்லை.

மகள் கல்யாணப் பந்தியில் பிளாஸ்டிக் கப்புகள். சலீம் பாய் மனமில்லாமல் கட்டிக் கொடுத்தவை. பந்தி முடிந்ததும் பாப்பாயி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவற்றைச் சாக்கில் பொறுக்கத் தொடங்கினார். நானும் குனிந்தேன்.

"நீங்க உடுங்க சார்," என்றார், நிமிராமல். "அன்னைக்கு மைக்குல ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, இன்னைக்கு யாரும் குனிய வேண்டியதில்லீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகும் ஸ்டோருக்குப் போனால் எனக்குக் காபி போட்டுத் தந்தார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம். பிளெக்ஸ் பேனர் அச்சாகிறது. தண்ணீர் பாக்கெட்டுக்கு ஆர்டர் போயிற்று. வரவேற்புரை அதே இயக்குநர். மலையிலோ, அவர் கருமாதிக்கும் ஊர்ப் பாத்திரம் வெளியே வராது. செத்த பிறகும் அவர் பேர் அடகில்தான் இருக்கிறது.

உங்கள் மேசையில் பேனா செருகி வைத்திருக்கும் அந்தத் தம்ளர் உங்களுடையதல்ல. மாலை வேண்டாம், உரை வேண்டாம். அதைக் கொண்டுவாருங்கள்.

மேலே ஏற்றியதை யார் இறக்குவது என்ற அவர் கேள்விதான் என்னிடம் தங்கியிருக்கிறது. நீங்கள் இறக்கிக்கொண்டு போனதை நான் மேலே ஏற்றிவிடுகிறேன். கூட்டத்தன்று அரங்குக்குள் வர மாட்டேன். சாக்கோடு வாசலில் நிற்பேன்.