வேலம்மாவின் ஒன்பதாம் சிவப்பு

வேலம்மா மீன் வலைகளுக்கு மரப்பட்டைச் சாயம் ஏற்றுகிறவள். ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிர்க்கரைக் குப்பத்தில் எந்த வலையைக் காட்டினாலும், எத்தனை தடவை சாயத்தில் முக்கியது என்று பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணை நம்பித்தான் துணி வியாபாரி சுப்பராயலு தன் கைக்குட்டைகளுக்குச் சிவப்பேற்ற அவளை வைத்துக்கொண்டார்.

சாயவேர் நீரில் ஒரு முறை முக்கியெடுத்த துண்டு, இரு முறை முக்கியெடுத்தது என்று பதினொன்று வரை ஒரு கயிற்றில் கோத்திருந்தாள். நிறத்துக்குப் பெயர் சொல்லமாட்டாள். "செம்பருத்தின்னா எந்தச் செம்பருத்தி? காலைல பூத்ததா, வாடுனதா? ஒன்பதுன்னு சொல்லு, போதும்" என்பாள்.

மாதிரிக்கு ஒப்பாக அவள் கைக்குட்டைகளுக்கு ஏற்றிய அந்த ஒன்பதைத்தான் ஒல்லாந்தர் சரக்குக் கிட்டங்கியில் தள்ளிவிட்டார்கள். துணி தரம் பார்க்கும் துரை, தன் மாதிரியைவிட வெளுப்பு என்று மூட்டையை ஒதுக்கினார். சுப்பராயலு ஆள் அனுப்பி அவளைக் கிட்டங்கிக்கு வரவழைத்தார்.

"இன்னாமே, ஏழுல நிறுத்திட்டியா? உன் கண்ணுல பூ வுழுந்துடுச்சான்னு துரை கேக்கறாரு. இனிமே வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"வலைக்காரிக்கு இன்னாத்துக்குத் துணி வேலை?" என்று மூட்டை தூக்கும் மாசிலாமணி சிரித்தான்.

வேலம்மா துரையின் பக்கம் திரும்பினாள். மாதிரித் துண்டு துரையின் புத்தகத்தில் வெள்ளைக் காகிதத்தின்மேல் ஒட்டியிருந்தது. அவள் சாயமிட்ட கைக்குட்டை ஒரு அவுரி நீலத் துணிக்கட்டின்மேல் கிடந்தது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். வெளியே போய்த் தன் கயிற்றின் ஒன்பதாம் துண்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஒரு பாதியைக் காகிதத்திலும் மறுபாதியை நீலத்திலும் வைத்தாள்.

"எது அடர்த்தின்னு துரையக் கேளுங்கய்யா."

துரை தயங்கவே இல்லை. காகிதத்தில் இருந்ததைக் காட்டினார்.

அவள் இரண்டையும் எடுத்துத் தரையில் ஒட்டி வைத்தாள். கிழிந்த விளிம்புகள் இழைக்கு இழை பொருந்தின. நிறத்தில் துளி வித்தியாசமில்லை.

"துரை கண்ணு நல்லாத்தான் கீது. வெள்ளைமேல சிவப்பு கருக்கும், நீலத்துமேல வெளுக்கும். எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. அதான் நான் வெறுந்தரையில வெச்சிப் பாப்பேன்."

சுப்பராயலு அதை விளக்கிச் சொன்னார். துரை மாதிரியைக் கத்தியால் பெயர்த்தெடுத்து, கைக்குட்டைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூட்டையை உள்ளே எடுக்கச் சொன்னார்.

மாசிலாமணி அதைத் தோளில் ஏற்றினான்.

"பாத்துத் தூக்குடா, ஒன்பது அது" என்றாள் வேலம்மா.

அன்றைக்கே சுப்பராயலு அடுத்த மூட்டைத் துணியையும் அவளிடமே கொடுத்தார். நாளடைவில் மற்ற வியாபாரிகளும் சிவப்பை எண் சொல்லியே கேட்டார்கள். எண்ணில் தகராறு வந்தால், தோணி ஏறி அவள் குப்பத்துக்கு வந்தார்கள்.