கிண்டியார்

அம்மா வளவுக்குள் மரவள்ளிக் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் வந்து விழுந்தது.

அக்கா விசுவமடுவில் முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் படக்கதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கதை முழுக்க பட்ஜர் என்றொரு விலங்கு: வெள்ளைக் கோடு போட்ட முகம், மண்ணுக்குள் வளை. அதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு, ஒருவரை விடாமல் கேட்டுக் கேட்டுக் கரைச்சல் கொடுப்பது. அகராதி 'வளைக்கரடி' என்றது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அக்கா வாசித்ததும் பிள்ளைகள் கதிரைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்களாம்.

"காட்டுக்கரைப் பிள்ளையளுக்குக் கரடி எண்டு சொல்லலாமோடி? ஒருத்தன்ரை மாமாவைக் கரடி விறாண்டினது. வேறை பேர் தா. இல்லாட்டி திங்கக்கிழமை பழைய நரிக்கதையைத்தான் வாசிப்பன்."

நரிக்கதையா! விடுவேனா? காலையிலிருந்து அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன். "வளை தோண்டுற மிருகம் அம்மா. என்ன பேர் வைக்கலாம்? சொல்லுங்கோவன்."

"கிண்டிக் கிண்டிக் கேளாதை! நான் கிழங்கு கிண்டுறதோ, உனக்கு மறுமொழி சொல்லுறதோ?"

அப்படியே நின்றுவிட்டேன். மண்ணைக் கிண்டுவதும் ஆளைக் கிண்டுவதும் அம்மாவின் வாயில் ஒரே சொல். மரவள்ளித் தடிகளுக்கிடையே வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. அதில் ஒரு கோடு மெல்ல அசைந்து, முகமாகி, மூக்கு நுனியில் மண்ணோடு என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. கிண்டியார்!

உடனே அக்காவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அச்சொட்டா உன்னைப் போலை ஆள்!" பிறகு சொன்னாள்: "ஆனா இவர் கண்ட இடமெல்லாம் கிண்டினால் நான் வாசிக்கமாட்டன். தெரியாத இடத்திலை கிண்டாதேங்கோ எண்டு நாள் தவறாமல் சொல்லிக் குடுக்கிறனான்."

அவள் சொன்னது சரி. போர்க்காலக் கண்ணிவெடிகளை எச்சரிக்கும் சிவப்புப் பலகைகள் சில காட்டோரங்களில் இன்னும் நிற்கின்றன.

கிழங்கு அவியும் மணத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கிண்டியார் ஒவ்வொரு வீடாகப் போனார், படலை தட்டினார். "இஞ்சை கிண்டலாமோ? உண்மையாவோ? அங்காலை?" கேட்டுக் கேட்டு ஊரையே ஆக்கினைப்படுத்தினார். எல்லாரும் ஓம் என்ற பிறகுதான் நகத்தை மண்ணில் வைத்தார்.

திங்கட்கிழமைக்குள் இதைத்தான் எழுதிப் பார்க்கப்போகிறேன். அவர் தட்டும் முதல் படலை எங்களுடையது.