பம்படி ஜாடை

அடிபம்பின் கைப்பிடியை அரை மணி நேரம் பிடித்துவிட்டு வந்து உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால், துருவும் வியர்வையும் கொஞ்சம் மீனும் கலந்த ஒரு வாசனை வரும். சோப்பு போட்டாலும் போகாது, இரவுச் சாப்பாட்டுச் சோற்றிலும் அந்த இரும்பு ஏறியிருக்கும். ராயபுரத்தில் எங்கள் சந்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றதும் முதலில் ஞாபகம் வருவது இந்த வாசனைதான், அதற்குப் பின்னால்தான் ஈரம், அதற்கும் பின்னால்தான் தாகம்.

இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரு பம்பு. ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும், ஐந்து மணிக்கு நிற்கும், சில நாள் நாலேமுக்காலுக்கே இருமிவிட்டு அடங்கிவிடும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிற நாளில் குடத்து வாய்க்குத் துணி கட்டுவோம், கட்டாத குடத்தில் மை மிதக்கும். தனியாளாக அந்தப் பம்பில் தண்ணீர் பிடிக்க முடியாது. ஒருத்தி அடிக்க வேண்டும், ஒருத்தி குடம் வைத்து எடுக்க வேண்டும், நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்ற இன்னொருத்தியின் கை வேண்டும். அதற்கு "ஒரு கை குடு" என்பார்கள். ஆகையால் சந்தில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு "ஜோடி" இருந்தாள். கல்யாணம் ஆகி வந்த பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே ஜோடி அமைந்துவிடும், பிறகு அது லேசில் மாறாது. என் அம்மா ரோசிக்கு ஜோடி, எதிர்வீட்டு ஜைத்தூன் அத்தை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்த ஜோடி பதினோரு நாள் பேசாமல் இருந்தது. காரணம் நான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்றரை மணிக்கு எங்கள் குடத்தையும் அத்தையின் குடத்தையும் வரிசையில் வைத்து, நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அன்றைக்கு அத்தையின் தங்கை குடும்பம் பழவேற்காட்டிலிருந்து வருவதாக இருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தேன். ரயில்வே கேட்டுப் பக்கம் கூட்ஸ் வண்டியில் சிவப்பு சிவப்பாக டிராக்டர்கள் கப்பலுக்குப் போகின்றன என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், அத்தையின் மகன் அன்வர்தான் முன்னால் ஓடினான், நானும் ஓடினேன். எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் எங்கள் குடம் இருந்த இடத்தில் இருக்கிறது, அத்தையின் நீலக் குடம் கடைசிக்குப் போய்க் குப்புறக் கிடக்கிறது. அதன் முறை வருவதற்குள் பம்பு இருமி நின்றுவிட்டது. விருந்தாளிக்குக் கை கழுவ அடுத்த சந்தில் கடன் தண்ணீர் வாங்கினாள் அத்தை. அம்மா என்னைக் கேட்டபோது, இடத்தை விட்டு அசையவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். அம்மா என்னை நம்பி அத்தையிடம் சண்டைக்குப் போனாள். தன் குடத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள் ரோசி என்று அத்தை சொல்ல, பெற்ற பெண்ணைப் பொய்க்காரி ஆக்குகிறாயா என்று அம்மா கேட்க, பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர தண்ணீர் பிடிப்பது நிற்கவில்லை. மற்ற எல்லோருக்கும் ஜோடி இருந்தது, இவர்களுக்கு வேறு யார் கை கொடுப்பார்கள்? அத்தை அடிப்பாள், அம்மா குடம் வைப்பாள், ஒருத்தி இடுப்புக்கு ஒருத்தி குடத்தை ஏற்றிவிடுவாள், இரண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டு. அங்கேதான் ஜாடை பிறந்தது. ஜாடைப் பேச்சு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சண்டைக்காரியிடம் நேராகப் பேசாமல், அவள் காதில் விழும்படி காக்காயிடமோ பூனையிடமோ குழந்தையிடமோ பேசுவது. அவள் பக்கத்தில் இருக்க வேண்டும், கேட்காதது மாதிரி நிற்க வேண்டும், சொன்னவள் ஓரக்கண்ணால் அவள் முகத்தில் அது எங்கே போய்த் தைத்தது என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் ஜாடை.

மதில்மேல் இருந்த காக்காயைப் பார்த்து அத்தை முதலில் ஆரம்பித்தாள். "இன்னா காக்கா, உன் முட்டைய மட்டும் பத்திரமா பாத்துக்கினியா? பக்கத்துக் கூட்டு முட்டை உருண்டு போனா உனக்கின்னா, இல்ல?"

அம்மா குனிந்து குடத்திடம் சொன்னாள். "நீ நெறஞ்சிட்டு கம்முனு கீறே குடமே. செலதுங்க கால் குடத்துக்கே கூத்தாடுதுங்க."

வரிசையில் நின்ற பெண்கள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்கள். அடுத்தடுத்த தண்ணீர் நாட்களில், குடம் வைக்க வேண்டாதவர்கள்கூட நாலு மணிக்கு வந்து நின்றார்கள். நான் மட்டும் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் போய் நிற்பேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், மாதா மேல் செய்த சத்தியம் குறுக்கே நிற்கும்.

பதினோராம் நாள் அம்மா அடிக்கிறாள், பம்பில் காற்றுதான் வருகிறது. பத்து அடி, இருபது அடி. அம்மா கைப்பிடியை நிறுத்திவிட்டுப் பம்பின் மூக்கைப் பார்த்துச் சொன்னாள்: "நீயும் வாய மூடிக்கினியா? ஒருத்தி பதினோரு நாளா மூடிக்கினு கீறா, அவகிட்ட கத்துக்கினியா?"

பம்பு ஒரு ஏப்பம் விட்டது. உள்ளிருந்து செம்பழுப்பாகத் துருத்தண்ணீர் பீறிட்டு, மூக்குக்கு நேரே குடத்தை வைத்துக் குனிந்திருந்த அத்தையின் முகத்தில், புடவையில், கண்ணாடியில் எல்லாம் அடித்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். அவள் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன, கையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏ ரோசி, உன் வாய்க்கு இந்தப் பம்பே பதில் சொல்லிச்சிடி" என்றாள். அம்மா அவளைத் தூக்கிவிடக் கை கொடுத்தாள். அவ்வளவுதான் சமாதானம், வேறு பஞ்சாயத்து இல்லை.

இது நடந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது சந்தில் வீட்டுக்கு வீடு குழாய். அம்மா அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, தோள்பட்டை வலி தெரிந்த யாரும் பம்பை நினைத்து ஏங்க மாட்டார்கள். போனில் சந்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, பிறப்பு, சாவு, கரண்ட் கட், மணலி ஆலைப் பக்கமிருந்து வாடை அடிக்கிறது சன்னலைச் சாத்துங்கள் என்கிற எச்சரிக்கை எல்லாம் அதில்தான் வருகிறது. ஜைத்தூன் அத்தை மகன் அன்வரோடு மாத்தூரில் மூன்றாவது மாடிக்குக் குடிபோன பிறகு, அவளையும் அம்மாவையும் நாலு வருடம் சேர்த்து வைத்திருந்ததும் அந்தப் போன்தான். காலையில் எழுந்ததும் "எழுந்திட்டியா" என்று ஒரு குரல் போகும், "செத்தா சொல்லி அனுப்புறேன்" என்று ஒரு குரல் வரும்.

போன மாசி மாதத்துக்கு முன்னால் அத்தையின் பேத்திக்கு நிக்காஹ். பத்திரிகை போனில் வந்தது. பாட்டோடு, பூ விழுகிற மாதிரி, அழகாகத்தான் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புறப் போட்டாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதென்றால் தட்டில் கற்கண்டும் பூவும் வைத்து வாசலுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துக் கூப்பிட வேண்டும். அத்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது, மூன்று மாடி இறங்க முடியாது, அன்வருக்கு ஷிப்டு. அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தும் போகவில்லை. தனக்குப் பேத்தி மாதிரியான பெண்ணின் கல்யாணத்துக்கு ரோசி வரவில்லையே என்று அத்தையும் காலைக் குரலை நிறுத்திவிட்டாள்.

அம்மா ஜாடையைக் கையில் எடுத்தாள், இந்த முறை ஸ்டேட்டசில். என் மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். படம் போட்டு அதன்மேல் எழுத்து வைக்கலாம், ஒருநாள் இருக்கும், பிறகு தானே அழிந்துவிடும். முதல் நாள், பத்திரிகை வந்த அன்றைக்கே, வெறும் எவர்சில்வர் தட்டு: "போனத் தூக்க முடிஞ்ச கைக்கு தட்டத் தூக்க முடியலியா?" கல்யாணத்தன்று ஒரு கிண்ணம் பழைய சோறும் ஊறுகாயும்: "இன்னிக்கி எங்க வூட்லயும் பிரியாணிதான்." சந்தே பார்த்தது. சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. அம்மா அதை எதையும் பொருட்படுத்தவில்லை. ஸ்டேட்டசின் அடியில் ஒரு கண் படம் இருக்கும், தட்டினால் யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் வரும். சாப்பிடும் முன்னாலும் சாப்பிட்ட பின்னாலும் அம்மா அந்தக் கண்ணைத் தட்டுவாள், விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போவாள். ஜைத்தூன் பெயர் ஒருநாளும் இல்லை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. "அவ என்னப் பாக்கறதயே வுட்டுட்டாடி" என்றாள் ஒருநாள், சண்டைக் குரலில் இல்லை. சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். எழுபத்து நாலு வயதில் புது ஜோடி எங்கே தேடுவது?

அம்மாவிடம் சொல்லாமல் நான் மாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அத்தை சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் போன். அம்மாவின் ஸ்டேட்டசைப் பார்ப்பதில்லையா என்று கேட்டேன். அத்தை முதல் நாள் தட்டிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். பழைய சோற்றுப் பிரியாணி வந்ததும் தோள் குலுங்கியது, கை வாய்க்குப் போயிற்று. "கல்யாணத்தன்னிக்கி, சம்பந்தி பக்கத்துல உக்காந்துகினு, அடக்க முடியாம, பேத்தி போறாளேன்னு அழற மாதிரி முந்தானைய மூஞ்சில போட்டுக்கினேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் அத்தை ஒரு வார்த்தை பதில் போடல?"

"ஜாடைக்கு இதுல எப்டி கண்ணு பதில் சொல்றது? அவ மூஞ்சி எதிர்ல இருக்க வேணாமா?"

போனை வாங்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஏன் பதில் போடவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே என்று, பார்த்த அடையாளம் யாருக்கும் தெரியாதபடி பேத்தி எப்போதோ மாற்றி வைத்திருந்தாள். அத்தைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தினமும் பார்த்திருக்கிறாள், அவள் பார்த்தது அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை. விளங்கச் சொன்னதும் அத்தை என் கையிலிருந்த போனைக் காட்டினாள். "போடு. தெரியட்டும்" என்றாள்.

மாற்றிக் கொடுத்த கையோடு, முப்பத்தைந்து வருடப் பொய்யையும் சொல்லிவிட்டேன். டிராக்டர் பார்க்கப் போனது நான்தான் என்று. அத்தை அசரவில்லை. "அன்வர் அன்னிக்கே சொல்ட்டான்."

"தெரிஞ்சுமா பதினோரு நாள் பேசாம இருந்தீங்க?"

"உங்கம்மா பேசின ஜாடை அவ்ளோ நல்லா இருந்திச்சி."

கிளம்பும்போது அன்றைய ஸ்டேட்டசைத் திறந்தாள். சந்து முனையில் பம்பு இருந்த இடத்தில் சதுரமாகப் பூசிய சிமெண்டை அம்மா படம் எடுத்திருந்தாள். "பம்பும் போச்சி. ஜோடியும் போச்சி." அத்தை அதற்குச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே இருந்தாள், போனில் அந்தக் கண்ணைத் தட்டித் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பட்டியலில் மேலேயே ஜைத்தூன், பார்த்த நேரம் நாலு பத்து. மாத்தூருக்குப் போய் வந்ததைச் சொன்னேன், அவள் தினமும் பார்த்திருக்கிறாள் என்பதையும் சொன்னேன்.

"பாத்தா சரி. சிரிச்சாளா?"

"பழைய சோத்துக்கு சிரிச்சாங்க. தோள் குலுங்க."

"இன்னிக்கி போட்டதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த இருவர் விஷயத்தில் ஒரு பொய்யே எனக்குப் போதும். "இல்லம்மா. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க."

அம்மா போனை அணைத்துவிட்டுப் பம்பு இருந்த பக்கம் பார்த்தாள். "பைத்தியக்காரி" என்றாள். "காலைல ஆட்டோ சொல்லு."

காலையில் அம்மா எவர்சில்வர் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கற்கண்டும் வெற்றிலையும் ரோஜாவும் வைத்தாள். யாருக்குக் கல்யாணம் என்று சந்தில் கேட்டார்கள். "அவ கொண்டாற வேண்டிய தட்ட நான் கொண்டுகினு போறேன். அவ மூஞ்சி போற போக்கப் பாக்கணும்" என்றாள் அம்மா.

சிமெண்டு பூசிய சதுரத்தின்மேல் யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள். மதிலும் இல்லை, காக்காய் இருக்கிறது, யாரும் அதனிடம் பேசுவதில்லை, நாலு மணிக்குச் சந்தில் யாரும் கூடுவதில்லை, ஒருத்தி குடத்துக்கு இன்னொருத்தியின் கை தேவைப்படுவதில்லை. ஆட்டோவில் ஏற மட்டும் அம்மா "ஒரு கை குடு" என்றாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டாயே, எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? அவ மூஞ்சிதான் எதிர்ல இருக்கப் போவுதே."